கன்றுக்குட்டியிடம் கேட்ட பேஸ்பால் கதை

கருவேலங்குளம்,
முதுகுளத்தூர் தாலுகா.
12-8-1961

அமெரிக்கா தேசத்தில் படிக்கப் போயிருக்கும் என் மகன் குருநாதனுக்குப் பெற்றவள் பூமயில், நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதுவது. நானும், உன் அய்யாவும், முத்தழகுச் சித்தப்பாவும் கருப்பணசாமி காவலில் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் என் கவலை. பனி விழுகிற ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே.

உன் தபால் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் வாவு முகம்மது தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடித்து, "யக்கா, அமெரிக்காக்காரன் எழுதியிருக்கான்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். இனி நீ அங்கே தும்மினாலும் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

எலனுடைய அப்பா பிராங்க், "உன் அப்பாவுக்குச் சம்மதம் என்று எனக்குத் தெரிந்தால்தான் பெண்ணைக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நல்ல மனுசர். எந்தச் சீமையானாலும் பெண்ணைப் பெற்றவருக்கு வயிற்றில் நெருப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் சிக்கல் இங்கே இருக்கிறது, குருநாதா. இத்தனை நாள் உனக்கு எழுதாமல் மறைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

சித்திரை மாதம் நீ எலனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக எழுதினாய் அல்லவா, அதைக் கேட்டதும் உன் அய்யா கூத்தையா நேரே கருப்பன் கோயிலுக்கு நடந்தார். சூடத்தை ஏற்றினார். "இந்தக் கலியாணத்துக்கு என் வாயால சம்மதம் சொல்ல மாட்டேன், என் கையால அவனுக்கு ஒரு எழுத்து எழுத மாட்டேன்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு வந்தார். கோபம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. சூடம் அணைத்துச் செய்த சத்தியம் இறங்குமா? கை கொப்பளித்துப் போனதற்கு நான்தான் வெண்ணெய் தடவினேன். யாராவது கேட்டால் அடுப்புச் சட்டி சுட்டுவிட்டது என்கிறார். இந்த மனுசர் எந்தக் காலத்தில் அடுப்புப் பக்கம் வந்தார்!

பூசாரியிடம் போய், இதற்கு ஏதாவது கழிப்பு, பரிகாரம் உண்டா என்று கேட்டேன். சத்தியம் தப்பினால் சாமி செய்தவரைப் பிடிக்காது, பிள்ளையைப் பிடிக்கும் என்றார். என் பிள்ளை கடல் தாண்டி இருக்கிறானே என்றேன். "கருப்பன்கிட்டக் குதிரை இருக்கு மதினி, அவருக்கென்ன பாஸ்போர்ட்டா வேணும்" என்றார். உன் அய்யாவும் அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். உனக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்ற பயம்.

உன் அத்தை மகள் செவ்வந்தியை நீ கட்டவில்லை என்று கோபமோ என்று நினைக்காதே. அவளுக்கு உச்சிப்புளியில் வாத்தியார் மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் கலியாணம். அவள் முகத்தைப் பார்த்தால் உன்னிடமிருந்து தப்பித்த சந்தோசம் மாதிரி இருக்கிறது. அய்யாவின் மனசு நோவது வேறொன்றுக்கு. வெள்ளைக்காரியைக் கட்டினால் அங்கேயே தங்கிவிடுவாய் என்று நினைக்கிறார். எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை.

சரி, அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாடு முடிந்ததும் பிராங்க் உன்னை உட்கார வைத்து, பேஸ்பால் என்ற விளையாட்டின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறாராமே! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் பக்கம் மாப்பிள்ளையை இளவட்டக்கல்லைத் தூக்கச் சொல்வார்கள். அங்கே வாயால் தூக்கச் சொல்கிறார்கள். ஐந்நூற்றுப் பதினோரு ஆட்டத்தில் ஜெயித்த பந்து வீசுகிறவர் யார் என்று கேட்டதற்கு முழித்தாயாம். சை யங் என்று இப்போது எனக்கே தெரியும். அந்த ஒகையோ மண்ணில் பிறந்த சம்சாரி வீட்டுப் பிள்ளை, எறிந்த வேகத்தில் வேலிப் பலகை உடையுமாம். அதிக ஆட்டத்தில் தோற்றவரும் அவரேதான், முந்நூறுக்கு மேல் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடித்தது. அத்தனை தோற்ற பிறகும் மறுநாள் பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார் பார்.

இன்னொரு சங்கதி. எனக்கு வாய்க்குள் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்பு வரை சத்தம் போட்டுப் படித்தே பழகியவள். உன் கடிதத்தையும் தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகத்தான் படித்தேன். உன் அய்யா கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். படித்து முடித்ததும் எழுந்து வந்து, செவலைப் பசு போட்டிருக்கும் புதுக் கன்றைத் தடவிக்கொண்டு, "ஏ கன்னுக்குட்டி, அந்த ஆட்டத்துல அடிச்சுட்டு எங்கிட்டு ஓடணுமாம், கேட்டுச் சொல்லு" என்றார். உன்னைப் பற்றி என்னிடம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை, கன்றைப் பிடித்துக்கொண்டார்!

நானும் கன்றுக்குத்தான் பதில் சொன்னேன். நாலு மூலையில் நாலு இடம், அடித்துவிட்டு ஓடி ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், அந்த இடத்துக்கு வீடு என்று பெயர் என்றேன். அவர் கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டார். பிறகு, "எத்தனை மூலையைத் தொட்டாலும் வீட்டுக்கு வராட்டி கணக்குல சேராதாமா?" என்று கன்றைக் கேட்டார். சேராது என்று சொன்னேன்.

விளையாட்டைப் பற்றி இன்னும் விரிவாக எழுது. கன்று கேட்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கருப்பனை வேண்டிக்கொண்டு,
உன் ஆத்தா,
பூமயில்

கருவேலங்குளம்
24-9-1961

என் கண்ணான குருநாதனுக்கு, ஆத்தா ஆசியோடு எழுதுவது. நாங்கள் சுகம். மழையைக் காணோம். மிளகாய் நாற்றுப் பாவ உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செவ்வந்தி கலியாணம் நன்றாக நடந்தது. பந்தியில் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். படிப்பு முடியவில்லை என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் திருப்புல்லாணிப் பெருமாளைப் பார்த்து வந்தேன். அங்கே பாயசம் குடித்துப் பெற்ற பிள்ளை நீ. ஒரு பிள்ளையைக் கொடுத்தாயே, அவன் கலியாணத்துக்கு வழி காட்டக் கூடாதா என்று சண்டையே போட்டேன். உன் அய்யாவும் துணைக்கு வந்தார். சாமியிடம் அவர் என்ன சொன்னாரோ, உதடு மட்டும் அசைந்தது.

திரும்பும்போது முதுகுளத்தூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அவர் செய்த கூத்தைக் கேள். பேப் ரூத் என்ற ஆள் ஒரே வருசத்தில் அறுபது தடவை பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அடித்தார், முப்பத்து நாலு வருசமாக அதை யாரும் தாண்டவில்லை, இப்போது ராஜர் மாரிஸ் என்பவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார், ஆனால் இந்த வருசம் எட்டு ஆட்டம் கூடுதல் என்று எழுதியிருந்தாய் அல்லவா? கடையில் யாரோ நம் ஊர்க் கிட்டிப்புள் பேச்சை எடுத்தார்கள். போதாதா இவருக்கு! "அமெரிக்காவுல ஒரு வழக்கு நடக்குது, தெரியுமா உங்களுக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். டீ ஆற்றுகிறவர் முதல் கண்டக்டர் வரை வாயைப் பிளந்து கேட்டார்கள். பேஸ்பால் என்றால் என்னவென்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கட்சி பிரிந்துவிட்டார்கள். பாதிப் பேர் ரூத் கட்சி, பாதிப் பேர் மாரிஸ் கட்சி. அடித்தவன் அடித்தவன்தானே என்கிறார் கண்டக்டர். "எட்டு ஆட்டம் கூட ஆடுனா, கூட ஆடுனவன்னு பக்கத்துல எழுதி வை. அவன் அடிச்சதை நான் இல்லைங்கலை. ஆனா பழைய ஆளு கணக்கை அழிக்காதே" என்று உன் அய்யா தீர்ப்புச் சொன்னார். பஸ்ஸே தாமதமாகத்தான் கிளம்பியது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். "என்ன சிரிப்பு, பல்லுச் சுளுக்கிக்கிறப் போகுது" என்று சீறினார். ஏழூர்க் கிட்டிப்புள்ளில் ராசாவாக இருந்தவர் ஆயிற்றே, கம்பும் ஓட்டமும் என்றால் ரத்தம் கொதிக்கத்தானே செய்யும். நீ கூடச் சின்னப் பிள்ளையில் அவர் அடித்த புள்ளைத் தேடிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கி அட்டை கடித்து அழுதுகொண்டு வந்தாய்.

இந்தத் தீர்ப்பைப் பிராங்கிடம் சொல். கன்று சொன்னதாகச் சொன்னாலும் சரி. கோபம், சூடம், கன்று எல்லாக் கதையையும் அவரிடம் சொல்லிவிடு. சம்பந்தம் பண்ணப் போகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது.

மறக்காமல் சாப்பிடு. எலனைக் கேட்டதாகச் சொல். அவளுக்கு மிளகாய் ஆகுமா, ஆகாதா?

ஆத்தா பூமயில்

கருவேலங்குளம்
12-11-1961

மகன் குருநாதனுக்கு ஆத்தா அன்போடு எழுதுவது.

மழை பெய்துவிட்டது! ஐப்பசி முழுதும் ஊற்றித் தள்ளியது. கண்மாய் நிறைந்து, தண்ணீர் வழியும் கழுங்கைத் தொட்டு நிற்கிறது. மிளகாய் நட்டாயிற்று. தொழுவத்துக் கூரை ஒரு பக்கம் ஒழுகியதில் கன்றைத் தூக்கி வீட்டுக்குள் கட்டியிருக்கிறோம். இப்போது அது அய்யா கட்டிலுக்குக் கீழே படுக்கிறது. கொடுத்து வைத்த கன்று.

உன் கடிதத்தைப் படித்தபோது மழைச் சத்தத்தில் காது கேட்கவில்லை. உன் அய்யா கன்றிடம், "சத்தமாப் படிக்கச் சொல்லு" என்றார். தொண்டை கிழியப் படித்தேன். மாரிஸ் அறுபத்தொன்று அடித்துவிட்டார் என்றதும் கட்டிலில் ஒரு தட்டுத் தட்டினார். பிராங்கும் இவர் சொன்னதையே சொன்னார், கூட ஆடிய கணக்கைத் தனியாக எழுத வேண்டும் என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டார் என்றதும் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அந்தாளு நியாயம் தெரிஞ்ச ஆளு" என்று கன்றுக்குச் சொன்னார். கன்றுக்குப் பிராங்க் வணக்கம் சொல்லியிருப்பதையும் படித்தேன். அதற்குச் சிரித்துவிட்டார். சித்திரைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

வாய் திறக்கக் கூடாது என்ற சத்தியம் தனக்குப் புரிகிறது, ஆனாலும் உன் அய்யா மனசு தெரியாமல் பெண்ணைக் கொடுக்க மனம் வரவில்லை, பனிக்காலம் முடிவதற்குள் ஏதாவது ஒரு வழியில் தெரிந்தால் போதும் என்று பிராங்க் சொன்னதையும் படித்தேன். உன் அய்யா அப்போது மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நீ அந்தக் கிழவர் கதையை எழுதியிருந்தாய். வில்லியம் ஹாய். தொண்ணூற்றொன்பது வயசு. பெரிய போட்டி நடந்த அன்று முதல் பந்தை எறிய அவரை அழைத்து வந்தார்கள், பிராங்க் வீட்டு டெலிவிசனில் எல்லாரும் பார்த்தோம் என்று எழுதியிருந்தாய். சின்ன வயசிலேயே காது போய்விட்டவர். செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். குள்ளம். ஆனாலும் பதினாலு வருசம் பெரிய ஆட்டமெல்லாம் ஆடியிருக்கிறார். ஒரே ஆட்டத்தில் எல்லைப் பக்கத்திலிருந்து எறிந்தே, வீட்டைத் தொட ஓடி வந்த மூன்று பேரை அவுட்டாக்கியிருக்கிறார். நடுவர்கள் கையால் சைகை காட்டுவது அவரால்தான் வந்தது என்று பிராங்க் சொல்கிறார், இல்லை என்று சாதிப்பவர்களும் உண்டு என்றாய். ஆட்டத்தை விட்ட பிறகு மாடு வைத்துப் பால் பண்ணை நடத்தினாராம்.

இதைப் படிக்கும்போதே உன் அய்யா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிராங்கின் தகப்பனார் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர், கை தட்டினால் ஹாயின் காதுக்குக் கேட்காது என்று சனங்கள் எல்லாரும் எழுந்து நின்று தொப்பியையும் கையையும் வீசிக் காட்டுவார்கள் என்று சொல்லுவார் என்ற இடம் வந்ததும், "நிறுத்து" என்றார். கன்றிடம் அல்ல, என்னிடமே சொன்னார். "அதை இன்னொரு தரம் படி."

படித்தேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மழையில் கொட்டகைக்குள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இடி இடித்தாலும் காதில் விழாத உன் முத்தழகுச் சித்தப்பா ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மாட்டுப் பொங்கலுக்கு வருசா வருசம் இவன்தான் மரத்துல கட்டுன கலயத்தைக் கல்லால எறிஞ்சு உடைக்கிறான். நாம கை தட்டுறோம். இவன் திரும்பிக்கூடப் பார்க்காம ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிருவான். திமிருன்னு நெனச்சேன் பூமயிலு. கூடப் பிறந்த எனக்கே தோணலையே. பத்தாயிரம் மைல் தாண்டி யாரோ ஒருத்தனுக்குத் தோணியிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, குருநாதா. உன் சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியாமல், என்ன என்று கையால் கேட்டார். ஆட்டைக் கட்டிவிட்டுச் சாப்பிட வா என்று அய்யா கையால் சொன்னார்.

சம்மதம் சொல்ல வழி மட்டும் இன்னும் தெரியவில்லை. மனசு இளகி வருவது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சத்தியம் அப்படியே குறுக்கே நிற்கிறது. நீயும் யோசி.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
ஆத்தா

கருவேலங்குளம்
22-1-1962

என் உயிரான மகன் குருநாதனுக்கும், அவன் சொல்லித் தெரிந்துகொள்ளப் போகும் எலனுக்கும், பெரியவர் பிராங்குக்கும், பூமயில் எழுதிக்கொள்வது. பொங்கல் பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. நல்ல சகுனம். மிளகாய் பூத்துக் கிடக்கிறது.

இந்தத் தடவை நீலக் கடிதாசி இல்லாமல் கவராக வருவதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்படாதே. உள்ளே ஒரு சாமான் இருக்கிறது. இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அதை எடுத்துப் பார். முதலில் எடுத்துப் பார்த்திருந்தால் உன்னை அடிக்க வேண்டும்.

பெரியவர் ஹாய் தவறிவிட்டார் என்று நீ எழுதிய கடிதம் மார்கழிக் கடைசியில் வந்தது. நூறு தொட இன்னும் கொஞ்ச மாசம்தானே இருந்தது. சத்தமாகத்தான் படித்தேன். உன் அய்யா பொழுது சாயும் நேரம் கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே வந்தார். இந்தக் குளிரில் எதற்கு என்று கேட்டேன். வெக்கையாக இருந்ததாம். மார்கழியில் வெக்கை! அங்காளி பங்காளி செத்தால்தான் தலை முழுகுவார்கள். அந்தச் செவிட்டுப் பெரியவரை எந்த வகையில் பங்காளி ஆக்கிக்கொண்டாரோ, நான் கேட்கவில்லை. சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று வழக்கம் போலக் கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கலயம் கட்டினார்கள். இளவட்டங்கள் எல்லாரும் எறிந்தார்கள். ஒருத்தர் கல் மரத்தில் பட்டது, ஒருத்தர் கல் தண்ணீரில் விழுந்தது, ஒருத்தர் கல் நாட்டாமை மண்டைக்கு மேலே போய் ஊரே கூச்சல் போட்டது. கடைசியில் உன் சித்தப்பா வந்தார். ஒரே கல். கலயம் தூள். எல்லாரும் கை தட்டினார்கள், சீட்டியடித்தார்கள். அவர் வழக்கம் போலக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி ஆட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

உன் அய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். இந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தம்பிக்கு முன்னால் போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினார். சித்தப்பா பயந்து போய் நின்றுவிட்டார். அய்யா கூட்டத்தைப் பார்த்து, "என்னய்யா வேடிக்கை பார்க்கிறீங்க! இவன் காதுக்குக் கேட்காது, கண்ணுக்குக் காட்டுங்க" என்று கத்தினார். டீக்கடை வழக்கைக் கேட்டவர்கள் நாலைந்து பேர் முதலில் துண்டை எடுத்தார்கள். அப்புறம் ஊரே எடுத்தது. துண்டு இல்லாதவர்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். பொம்பளைகள் நாங்கள் முந்தானையை வீசினோம். கண்மாய்க்கரை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துணி பறந்தது.

அய்யா சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவர் கூட்டத்தைப் பார்த்தார், உடைந்த கலயத்தைப் பார்த்தார், தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கா என்று கேட்டார். உனக்குத்தான் என்று அய்யா காட்டினார். அவ்வளவுதான், அந்த மனுசர் அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியாமல் குலுங்கினார். அன்றைக்கு ஆடுகளை வேறு ஆள்தான் பத்திக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் உன் அய்யா சலவை வேட்டியை எடுத்துக் கட்டினார். எங்கே என்றேன். நேரே பூசாரி வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். "நான் கருப்பன் முன்னால சொன்னது என்ன?" என்று அவரைக் கேட்டார். "வாயால சொல்ல மாட்டேன், கையால எழுத மாட்டேன்னு சொன்னீக" என்றார் பூசாரி. "துண்டைப் பத்தி ஏதும் சொன்னேனா?" என்று கேட்டார். பூசாரி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். வேப்பிலையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டும் யோசித்தார். "துண்டைப் பத்திப் பேச்சே இல்லையே" என்றார். எனக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. பூசாரி வீட்டு வாசல் என்றும் பார்க்காமல் குலவை போட்டுவிட்டேன்.

பஸ் பிடித்து ராமநாதபுரம் போனோம், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. கபீர் பாய் போட்டோ ஸ்டூடியோவில் உன் அய்யாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார மாட்டேன் என்று எழுந்து நின்றார். துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்ற ஆரம்பித்தார். "அண்ணே, கை படத்துக்குள்ள அடங்கலை" என்று கபீர் பாய் பெட்டியைப் பின்னால் நகர்த்தினார். அதற்கப்புறம், "அண்ணே, துண்டை ஆட்டாம அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க, ஆட்டுனா படம் கலைஞ்சிரும்" என்று கெஞ்சினார். இவர் கேட்டால்தானே! "ஆட்டாம நின்னா துணி காயப் போட்ட மாதிரில்ல இருக்கும். நீ எடு" என்று ஒரே பிடிவாதம். பக்கத்தில் நின்ற சித்தப்பாவும் தன் துண்டை எடுத்துச் சுழற்றத் தொடங்கிவிட்டார். எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் சுழற்றினால் நல்ல காரியமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கபீர் பாய் தலையில் அடித்துக்கொண்டே எடுத்தார்.

இப்போது கவருக்குள் இருக்கும் படத்தை எடு.

துண்டு சரியாக விழவில்லை என்று குறை சொல்லாதே. வெறும் வெள்ளைப் புகை மாதிரித்தான் தெரிகிறது, இரண்டு பேர் தலைக்கு மேலும். அவர் நிறுத்தவே இல்லை, குருநாதா, அதனால்தான். படத்தைப் பிராங்க் கையில் கொடு. நீ ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவர் தகப்பனார் கண்ணால் பார்த்ததை இவரும் பார்க்கட்டும். பார்த்த பிறகும் புரியவில்லை என்றால் அவருக்குப் பேஸ்பாலே தெரியாது என்று கன்று சொன்னதாகச் சொல்.

மஞ்சளும், நம் வீட்டுக் குங்குமமும், தாலிக் கயிறும் ஒரு சிறு பொட்டலமாகத் தனியே அனுப்பியிருக்கிறேன். எலனுக்கு நீ கட்டும்போது மூன்று முடிச்சும் நீயே போட்டுவிடு, அங்கே நாத்தனார் யாரும் இல்லையே. இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, பிள்ளை குட்டி பெற்று நிறைவாக வாழ வேண்டும். பெருமாளும் கருப்பனும் துணை.

கடிதத்தை மடிக்கப் போனபோது உன் அய்யா கன்றிடம் ஒன்று கேட்டார். இப்போது அது கன்று இல்லை, கொம்பு முளைத்துவிட்டது. "அவன் எல்லா மூலையும் தொட்டுட்டு என்னைக்கு வீட்டுக்கு வர்றானாம், கேளு" என்றார்.

நானும் கேட்கிறேன்.

உங்கள் எல்லாரையும் வாசலில் எதிர்பார்த்து,
ஆத்தா பூமயில்